சொரியாசிஸ் அரிப்பு: இன்றிரவு தொடங்கிச் செய்ய வேண்டியவை

தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோயான சொரியாசிஸில் அரிப்பு அதிகம் இருக்காது, அப்படி அரித்தால் அது எக்சிமா என்ற வேறொரு தோல் நோயாகத்தான் இருக்கும் என்று தோல் மருத்துவத்தில் நெடுநாள் ஓர் எண்ணம் இருந்தது. சொரியாசிஸோடு ஒரு மார்கழி இரவைக் கழித்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அரிப்பு உண்டு. சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும், சிலருக்குக் குத்தும், சிலருக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கும். மாலை ஆக ஆகக் கூடி, படுத்ததும் உச்சத்துக்குப் போகும்.

மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்றால் பெரும்பாலும் செடிரிசைன் கையில் வரும். கொசுக்கடிக்கும் திடீர் தடிப்புக்கும் அது நல்ல மாத்திரை, ஏனென்றால் அங்கே அரிப்பைக் கிளப்புவது ஹிஸ்டமின் என்ற, உடலே சுரக்கும் ஒரு வேதிப்பொருள். சொரியாசிஸ் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. தோலுக்குள் ஓயாமல் நடக்கும் அழற்சி, அந்த அழற்சி உசுப்பிவிடும் நரம்பு நுனிகள், மேலே காய்ந்து வெடித்த செதில் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அரிக்கிறது. அதனால் அரிப்புக்கென்று தனி மருந்தைத் தேடி அலைவதில் காசுதான் கரையும். செதிலை இளக்கி, ஈரத்தைத் தோலிலேயே நிறுத்தி, அழற்சியை அடக்கினால் அரிப்பு தானாக இறங்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சொறியாமல் இரவைக் கடத்தவும் வழி வேண்டும். இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

இது சொரியாசிஸ்தானா?

ஏற்கெனவே தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் நின்று படியுங்கள்.

சொரியாசிஸ் படை தடித்திருக்கும், எல்லை தெளிவாக இருக்கும், மேலே வெள்ளி நிறச் செதில் அடுக்கடுக்காக உதிரும். முழங்கை, முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி, தலை இவற்றில் அதிகம் வரும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பல வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் தெரியும் சிவப்பு நம் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். படத்தோடு ஒப்பிட்டு 'எனக்கு இது இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. ஒன்று, பூஞ்சையால் வரும் படர்தாமரை. அது வட்டமாக விரியும். ஓரம் தடித்து நடுப்பகுதி தெளிந்திருக்கும். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் அதிகம் வரும். இன்னொன்று சிரங்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் என்று இரவில் கடுமையாக அரிக்கும். சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொறிந்துகொண்டிருந்தால் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்த க்ரீம்கள் நம் கடைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. படர்தாமரையில் அதைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு குறைந்துவிடும், பூஞ்சை மட்டும் அடையாளம் தெரியாத உருவத்தில் பரவிக்கொண்டே போகும். சொரியாசிஸில் தடவினாலோ நிறுத்தியதும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். தோலில் தடவும் பல ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் உண்மை நிலவரம். கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இன்றிரவைக் கடக்க

ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 1870களில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். சொரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் காயம் பட்டால், அந்தக் காயத்தின் வடிவிலேயே புதிய படை கிளம்பலாம். நகக் கீறல், உராய்வு, சூடு பட்ட இடம், பச்சை குத்திய இடம் எல்லாமே இதில் சேரும். 'சொறியாதே' என்று வீட்டில் சொல்வது வெறும் கண்டிப்பு இல்லை. சொறிவதால் நோயே பரப்பில் கூடுகிறது.

ஆனால் 'சொறியாதே' என்ற சொல்லால் யாருக்கும் அரிப்பு நின்றதில்லை. அதற்குப் பதிலாகக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், அல்லது மெல்லத் தட்டுங்கள். குளிர்ச்சி இன்னும் நன்றாகக் கேட்கும்: ஐஸ் கட்டியை ஒரு கைக்குட்டையிலோ மெல்லிய துண்டிலோ சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். துணியை எடுத்ததும் அந்த இடம் காயும் முன் ஈரம் காக்கும் களிம்பை (மாய்ஸ்சரைசர்) பூசிவிட வேண்டும். அப்படியே காய விட்டால் அரிப்பு கூடும். உங்கள் மாய்ஸ்சரைசர் டப்பாவை ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடுவது நல்ல யோசனை. பூசும்போதே குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும்.

நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை ராவி மழுங்கவிடுங்கள். தூக்கத்தில் சொறிபவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுப் படுக்கலாம். போர்வை கனமாக இருந்தால் உடல் சூடேறி அரிப்பு கூடும். ஏசி அறையில் வேறு சிக்கல்: காற்று வறண்டுவிடும். மிகக் குளிர வைக்காமல் 26 அல்லது 27 டிகிரியில் விட்டுவிட்டு ஃபேனைச் சேர்த்துப் போடுவது பலருக்கு ஒத்துவருகிறது.

தலைவலித் தைலத்தை அரிக்கும் இடத்தில் தேய்ப்பவர்கள் உண்டு. குளுகுளுவென்று இருக்கும்தான். ஆனால் அதிலுள்ள கற்பூரமும் மெந்தாலும் வெடித்த தோலில் எரிச்சலைக் கிளப்பிவிடும். கேலமைன் லோஷனும் இதற்குப் பொருந்தாது. அது தோலை உலர்த்தும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். செடிரிசைனைவிடப் பழைய, தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரைகளைச் சில நாள் இரவுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அது அரிப்பை நிறுத்துவதைவிடத் தூங்க வைப்பதில்தான் உதவுகிறது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போது கவனம் தேவை. வயதானவர்களுக்குத் தடுமாற்றம் வரும் என்பதால் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

குளியல்

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்பு சுகமாக அடங்குவதுபோல இருக்கும். அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பும், ஏனென்றால் வெந்நீர் தோலின் எண்ணெய்ப் பசையை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நம் ஊர்க் குளியலில் பழகிப்போன சிலவற்றை விட வேண்டியிருக்கும். பீர்க்கங்காய் நார், நைலான் நார், தேய்க்கும் கல் எதுவும் படையின் மேல் படக் கூடாது. செதிலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும். கோப்னர் சொன்னது அங்கேயே நடக்கும். கடலை மாவு, நலங்கு மாவு, சீயக்காய் மூன்றும் எண்ணெயை இழுப்பவை. தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றிக் குளிப்பதும் தேவையில்லை, இது கிருமியால் வரும் நோய் அல்ல. காரம் மிகுந்த சோப்புக்குப் பதில் சோப்பில்லாத சிண்டெட் கட்டியோ மென்மையான க்ளென்சரோ போதும். அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த இடங்களுக்கு மட்டும் போட்டால் சரி.

உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிப்பது எல்லாருக்கும் தெரியும். முழுக்க மாற்ற முடியாவிட்டாலும், கடைசியாக ஊற்றும் ஒரு வாளியை மட்டும் நல்ல தண்ணீராக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

சாதாரணத் தோலில் அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. அவசரத்தில் வந்த செல்கள் முதிராமல் ஒன்றின்மேல் ஒன்று குவிகின்றன. அந்த மேல்பரப்பால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை. அதனால் நாம்தான் வெளியிலிருந்து ஒரு மூடி போட வேண்டும். குளித்து முடித்து, தோலில் இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். துவட்டி, உடை மாற்றி, காபி குடித்துவிட்டு வந்து பூசினால் பாதிப் பயன் போய்விடும்.

எதைப் பூசுவது? விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. லோஷன் தண்ணீராக இருக்கும், சீக்கிரம் காயும். க்ரீம் அதைவிட மேல். வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி, வெள்ளை மென் பாரஃபினும் திரவப் பாரஃபினும் கலந்த களிம்பு ஆகியவை ஈரத்தை நன்றாகப் பிடித்து நிறுத்தும். பிசுபிசுப்புதான் அவற்றின் குறை. அதனால் இரவில் களிம்பு, பகலில் க்ரீம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டுமென்றால் தாராளமாகப் பூசலாம். கெட்டியான செதிலுக்கு மட்டும் அது போதாது. சித்திரை வைகாசிக் கத்திரி வெயிலில் கெட்டியான களிம்பைப் பூசினால் வியர்வை அடியில் தேங்கி வேர்க்குரு கிளம்பும். அந்த மாதங்களில் இலேசான க்ரீமுக்கு மாறிவிடுவதே மேல். வாசனை சேர்த்தவை எந்த மாதத்திலும் வேண்டாம்.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். உடல் முழுக்கப் பூச வேண்டியிருக்கும் ஒரு பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகும். 50 கிராம் ட்யூப் ஒன்றை ஒரு மாதம் ஓட்டுகிறீர்கள் என்றால் நீங்கள் பூசவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பெரிய டப்பாவாக வாங்குங்கள். கையை உள்ளே விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள்; மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடிக்கால்கள் அடைபட்டுப் பருக்கள் வரும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பாரஃபின் உள்ளவை மட்டுமல்ல, எண்ணெய்ப் பசையுள்ள எந்தக் களிம்பும் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், வேகமாக எரியும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. களிம்பு பூசிய கையோடு கேஸ் அடுப்பு முன்னால் நிற்பது, குத்துவிளக்கு ஏற்றுவது, பீடி சிகரெட் பற்ற வைப்பது, தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்துவது எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். சமையல் வேலை முடிந்த பிறகு இரவுப் பூச்சை வைத்துக்கொள்ளுங்கள். இரவு உடுப்பையும் போர்வையையும் அடிக்கடி மாற்றுங்கள். தரை வழுக்கும் என்பதையும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மறக்க வேண்டாம்.

செதிலை இளக்குவது

செதில் தடித்துக் கிடந்தால் மேலே எந்த மருந்தைப் பூசினாலும் ஓட்டின்மேல் பெய்த மழைபோல வழிந்துபோகும். அதை இளக்கச் சாலிசிலிக் அமிலம் உதவும். 3% முதல் 6% வரையிலான களிம்புகள் மருந்துக் கடைகளில் உண்டு. யூரியா 10% கலந்த க்ரீம் அதைவிட மென்மையானது. ஈரத்தையும் இழுத்து வைக்கும். உள்ளங்கால், உள்ளங்கையில் தோல் தடித்துப் பிளந்திருந்தால் யூரியா நன்றாக வேலை செய்யும். வெடிப்பு ஆழமாக இருந்தால் முதலில் வாசலின் போட்டு ஆற விடுங்கள், இல்லாவிட்டால் சுரீர் என்று எரியும்.

சாலிசிலிக் அமிலத்துக்கு மூன்று கட்டுப்பாடுகள். பெரிய பரப்பில் பூசினால் ரத்தத்தில் ஏறும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தோடு சேர்த்துப் பூசினால் அந்த மருந்தைக் கெடுத்துவிடும். ஒளி சிகிச்சைக்குப் போகும் நாளில் முன்கூட்டிப் பூசினால் கதிரைத் தடுத்துவிடும்.

கோல் தார் என்னும் நிலக்கரித் தார் மிகப் பழைய மருந்து. அரிப்பையும் செதிலையும் நன்றாகவே குறைக்கும். வாடையும் கறையும்தான் அதன் எதிரி. தலையணை உறையைப் பழையதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். தார் பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், ஆகையால் அதுவும் இரவுக்கே உரியது.

ஸ்டீராய்டு களிம்பு

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் ஓடுபவர்களும் உண்டு, மருத்துவர் ஒரு தடவை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மூன்று வருடம் வாங்கிப் பூசுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆகாது. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சரியான காலத்துக்குப் பூசினால் அரிப்பை இதைவிடச் சீக்கிரம் அடக்கும் களிம்பு வேறில்லை. சில நாளிலேயே வித்தியாசம் தெரியும்.

அளவுக்கு விரல் நுனிக் கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். இரண்டு முழங்கையிலும் ஓர் உள்ளங்கை அளவுக்குப் படை இருந்தால் ஒரு விரல் நுனி. அவ்வளவுதான். மாய்ஸ்சரைசரைப்போல இதை அள்ளிப் பூசக் கூடாது. அரிக்கும் நல்ல தோலிலும் பூசக் கூடாது, படையின் மேல் மட்டும்.

குளோபெட்டசால் என்பது இந்த வகையில் மிகவும் வீரியமானது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் பூச வேண்டாம். வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவே கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது என்பதால் அங்கெல்லாம் இது ஆகாது. தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும், ரத்த நாளங்கள் தெரியும். படை அடங்கிய பின் சட்டென்று நிறுத்தாமல் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசுவது, அல்லது கால்சிபோட்ரியாலுக்கு மாறுவது என்று மருத்துவர் ஒரு திட்டம் தருவார். அந்தத் திட்டத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எப்போது நிறுத்துவது, எப்படிக் குறைப்பது?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் அறையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

மாய்ஸ்சரைசரும் ஸ்டீராய்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். நடுவே அரை மணி நேரம் விட்டால் ஒன்றை ஒன்று நீர்க்கச் செய்யாது.

களிம்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று போடும் ஸ்டீராய்டு ஊசியும், அதே வகை மாத்திரையும் சொரியாசிஸுக்கு ஆபத்தானவை. போட்ட சில நாள் தோல் பளிச்சென்று ஆகும். விளைவு தீரும்போது உடல் முழுக்கச் சீழ்க் கொப்புளங்களோடு நோய் பாய்ந்து வரலாம். ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தலை

தலையில் வரும் சொரியாசிஸைப் பொடுகு என்று நினைத்து ஷாம்பூ மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். பொடுகு எண்ணெய்ப் பசையோடு மெல்லியதாக உதிரும். இது தடிப்பாக, தொட்டால் மேடு தட்டுப்படும்படி, முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னும் இறங்கி நிற்கும்.

இரவில் தேங்காய் எண்ணெயையோ, மருத்துவர் தந்த சாலிசிலிக் அமிலமும் தாரும் கலந்த களிம்பையோ முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலில் வையுங்கள். முடியில் பூசிப் பயனில்லை. பழைய துணியைக் கட்டிப் படுங்கள். காலையில் அகலப் பல் சீப்பால் ஊறிய செதிலை மெல்லத் தளர்த்திவிட்டு, தார் ஷாம்பூவையோ, பூஞ்சை மருந்தான கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பூவையோ போட்டு ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஷாம்பூவை ஊற விடாமல் உடனே அலசினால் சோப்புத் தண்ணீர் ஊற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. செதில் போன பிறகுதான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அது தலைத்தோலில் இறங்க வேண்டுமானால் பாதை திறந்திருக்க வேண்டும். பேன் சீப்பை வைத்து வரட்டு வரட்டென்று வாரினால் செதிலோடு முடியும் வரும். சொரியாசிஸால் கொட்டிய முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்பதால் அதை எண்ணிக் கலங்க வேண்டாம். ஹேர் டை போட்டால் அரிப்பு கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

மடிப்புகளும் மறைவிடமும்

அக்குள், மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ச் சுற்று. இங்கே செதில் இருக்காது. வழவழவென்று சிவந்து, ஈரமாக, பயங்கரமாக அரிக்கும். மருத்துவரிடம் முழங்கையை மட்டும் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் வருபவர்கள்தான் அதிகம். அவர்கள்தான் அப்புறம் முழங்கைக்குத் தந்த வீரியமான களிம்பை இங்கே பூசிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சொல்லிவிடுங்கள். இந்த இடத்துக்கென்றே வீரியம் குறைந்த ஸ்டீராய்டும், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கின்றன. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். தார், சாலிசிலிக் அமிலம் இரண்டும் இங்கே கூடாது. வியர்வை தேங்கினால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும், எனவே ஒற்றித் துடைத்து உலர்வாக வையுங்கள்.

உடையிலும் ஒரு மாற்றம். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, இறுக்கமான பெல்ட், உள்ளாடையின் எலாஸ்டிக் ஆகியவை அழுத்தும் கோட்டிலேயே படை வரிசையாக வருவதைப் பலர் தங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். நாடாவை அகலமான பட்டையாக மாற்றுங்கள், அழுத்தும் இடத்தை அவ்வப்போது மாற்றிக் கட்டுங்கள். பருத்திதான் நல்லது. துவைத்த துணியில் சோப்புத்தூள் நிற்காதபடி இன்னொரு முறை அலசுங்கள்.

எது கிளப்பிவிடுகிறது?

மன அழுத்தம், தொண்டைப் புண், மது, புகை, குளிர் காலம் ஆகியவை பலருக்கும் பொதுவானவை. அதிகம் பேர் கவனிக்காதது மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை, மனநலச் சிகிச்சையில் வரும் லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவை சிலருக்கு நோயைக் கிளப்பும். எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள். புதிய மாத்திரை தொடங்கியதும் தோல் மோசமானால் எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கத்தரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் கரப்பான் என்று ஒதுக்குவது நம் வழக்கம். இவற்றை ஒதுக்கினால் சொரியாசிஸ் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒன்று தின்றால் உங்களுக்கு அரிப்பு கூடுகிறது என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதை விடுங்கள். மற்றபடி பத்தியம் என்ற பெயரில் உடம்பை வாட்ட வேண்டாம். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் நோய் தணிவதற்கு ஆதாரம் உண்டு. மதுவை விட்டால் அரிப்புக்கும் நல்லது, பின்னால் தேவைப்படக்கூடிய மாத்திரைக்கும் கல்லீரல் ஈடுகொடுக்கும்.

களிம்பு போதாதபோது

ஒழுங்காகப் பூசியும் நான்கு முதல் எட்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். 'பரப்பு குறைவுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தலை, உள்ளங்கை, மறைவிடம் இவற்றில் சிறு படை இருந்தாலே அன்றாட வாழ்க்கை நின்றுபோகும்.

ஒளி சிகிச்சையில் 311 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட குறும்பட்டைப் புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் காட்டுவார்கள். அரிப்புக்கு மிக நல்ல சிகிச்சை இது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரியுங்கள். வாரத்தில் இத்தனை நாள் வேலையை விட்டு வர வேண்டும் என்பதுதான் இதன் கஷ்டம். அதற்குப் பதிலாக மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிற்கிறேன் என்று கிளம்பாதீர்கள். தோல் வெந்தால் அதுவும் ஒரு காயம்தான்.

மாத்திரைகளில் மெத்தோட்ரெக்சேட் பழையது, விலை குறைந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஞாயிறு என்றால் ஞாயிறு என்று ஒரு நாளை நிச்சயித்து, காலண்டரில் வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள், ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கக் கூடாது. ஆண்களும் குழந்தைத் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதற்கும் மேலே உயிரியல் ஊசி மருந்துகள் இருக்கின்றன. செகுகினுமாப் போன்றவை அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-17 என்ற புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கின்றன. அரிப்பு முதல் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். பெங்களூரைச் சேர்ந்த பயோகான் நிறுவனம் இடோலிசுமாப் என்ற மருந்தை 2013இல் இங்கே கொண்டுவந்தது. விலை அதிகம்தான். தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள். நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே கூடாது.

சித்த மருந்தும் பொட்டல மருந்தும்

சித்த மருத்துவத்தில் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறும்; அந்தத் தைலத்தைப் பூசிப் பலர் நிம்மதி கண்டிருக்கிறார்கள். எண்ணெய் என்ற அளவிலேயே அது செதிலை இளக்கும். சித்த வழியில் போக விரும்புபவர்கள் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள்; சென்னையில் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இதற்குப் புறநோயாளிப் பிரிவிலேயே பார்க்கிறார்கள். லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் பொடியும், "48 நாளில் வேரோடு போகும்" என்ற விளம்பரமும்தான் பயப்பட வேண்டியவை. பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் வாரம் அற்புதமாகத்தான் இருக்கும். பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, வினிகர், சுண்ணாம்பு எதையும் படையில் வைக்க வேண்டாம். வெந்துபோகும்.

மருத்துவரிடம் போகும்போது

அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அதனால் தயாராகப் போங்கள். அரிப்புக்குத் தினமும் இரவு பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண் போட்டு, எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். "ரொம்ப அரிக்குது டாக்டர்" என்பதைவிட "ஏழு, இரவில் மூன்று முறை விழிக்கிறேன்" என்பது சிகிச்சையை மாற்ற வைக்கும். படை கடுமையாக இருந்த நாளில் எடுத்த போட்டோ, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, பூசிய காலி ட்யூப்கள் இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் விரல், முதுகு, குதிகால் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், அல்லது ஒரு விரல் முழுக்க வீங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் மூட்டுகளையும் பிடிக்கும். நகத்தில் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருந்தால் அந்த வாய்ப்பு அதிகம். தூக்கமின்மையும் பிறர் பார்வையும் சேர்ந்து மனம் சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

உடல் முழுக்கச் சிவந்து தோல் தாள் தாளாக உரிவது, குளிர்காய்ச்சலோடு சீழ்க் கொப்புளங்கள் கிளம்புவது, படையிலிருந்து நீர் வடிந்து சுற்றிலும் சூடாக வீங்குவது. இந்த மூன்றில் எது வந்தாலும் களிம்பு, ஐஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.